சிமிட்டாத கண்ணுக்குப் பாஸ் இல்லை

எங்கள் தார்வாட் வங்கிக் கிளையின் தொலைபேசிகளைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கவனித்துவருபவர் கிரிஜவ்வா அங்கடி. நாலு வயதில் அம்மை கண்டு மூடிய இமைகள் பிறகு திறக்கவேயில்லை. ஹூப்ளியிலிருந்து தினமும் தனியாகத்தான் பேருந்தில் வருவார். பார்வையற்றோருக்கான அவருடைய இலவசப் பேருந்துப் பாஸ் போன திங்கட்கிழமையோடு முடிந்தது. புதுப்பிக்கும் வேலையை இந்த ஆண்டு கைபேசிச் செயலிக்கு மாற்றிவிட்டார்கள். பார்வையற்றோரின் வசதிக்காகவாம்.

அந்தச் செயலியில் விரலை எங்கே வைத்தாலும் போன் அவர் காதில் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது எதற்கான பட்டன் என்பதைப் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் தடவித் தடவிக் கடைசிப் பக்கத்தை எட்டினார். அங்கே ஒரு கட்டளை: முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண்ணைச் சிமிட்டவும்.

அன்று மாலை பாஸ் அலுவலகத்துக்கு நானும் உடன் போனேன். கவுன்டரில் குல்கர்ணி என்பவர் இருந்தார்.

"போனு அணைஞ்சு கிடக்கே, அக்காரே. சார்ஜ் போட்டுட்டு வாங்க."

"அது கிடக்கட்டும் சார். நான் எப்படிச் சிமிட்டுறது?"

"லேசாச் சிமிட்டுனாப் போதும்."

"நாப்பது வருஷமாத் திறக்காத இமைங்க சார்."

"அப்போ வீட்ல கண்ணு தெரியிறவங்க யாராச்சும் சிமிட்டட்டும்."

"பாஸ்ல யார் மூஞ்சி வரும்?"

"சிமிட்டுனவங்க மூஞ்சிதான்."

"கண்டக்டர் கேட்டா?"

"இறக்கி விடுவாரு. அது அவரு டூட்டி."

வரிசை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரிஜவ்வா குரலை உயர்த்தவில்லை.

"விதியை ஒருவாட்டி தெளிவாச் சொல்லிடுங்க சார்."

குல்கர்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணு தெரியாதவங்க கண்ணைச் சிமிட்டலைன்னா பாஸ் கிடையாது."

கிரிஜவ்வா கறுத்துக் கிடந்த போன் திரையை இருமுறை தட்டினார். அதில் பதிவாகியிருந்த குல்கர்ணியின் குரலே திரும்ப வந்து விதியைச் சொன்னது. வெளிச்சம் தேவைப்படாதவர் திரையை எப்போதும் இருட்டாகவே வைத்திருப்பார் என்பது, பார்வையற்றோர் பாஸ் கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிராயர் திறந்தது. ஒழித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட காகிதப் பாஸ் புத்தகம் வெளியே வந்தது. முத்திரை விழுந்தது.

"அதை அழிச்சிடுங்க, அக்காரே."

"எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் அந்த டிராயரைத் திறங்க. பார்க்கலாம்."

பேருந்தில் கேட்டேன், அழித்துவிட்டாரா என்று.

"எங்கே?" என்றார். "அழிக்கிற பட்டன் எதுன்னே தெரியலை!"