மெம்பர் திரவியம் பிள்ளையின் இருபத்தைந்து வருஷம்

விடிந்ததும் திரவியம் பிள்ளை குடையைத் தலைகீழாகப் பிடித்து, சாலைக் கம்போளக் கடைத்தெருவின் ஓடைக்குள் பிடிவரை விடுகிறார். சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, முகம் சுளித்து, குடையை உதறிவிட்டு அடுத்த கடை வாசலுக்கு நகர்கிறார்.

"என்ன மெம்பரே, வரால் மாட்டிச்சா, இல்லே வெறும் தவளைதானா?" என்று தேங்காய்க் கடைப் பிச்சையா கேட்பான்.

"சிரியும்வே. இருபத்தஞ்சு வருசத்திலே இந்த ஓடைக்கு மூடி வந்திரும். உம்ம பேரன் அதும் மேலே நின்னு தேங்கா விப்பான், பாத்துக்கிடும்."

பிச்சையாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

பிள்ளைக்குத் தொழில் குடை. புதுக்குடை விற்பார், பழங்குடைக்குக் கம்பி மாற்றுவார். இடவப்பாதி மழை தொடங்கினால் அவர் கடையில் நிற்க இடம் இருக்காது. வாங்குகிறவரிடம் குடையைச் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். தெருவில் இறங்கி, வெயிலுக்கு எதிரே விரித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை தேடுவார். அப்போது பக்கத்தில் போகிறவர்கள் தங்கள் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். "அவசரப்படப்பிடாது. மழை நம்மளை விட அவசரக்காரன். ஒரு ஓட்டை இருந்தா அவன் கண்டுபிடிச்சிருவான்." விலை பேச மறந்து, மழையைப் பற்றியே பேசிக் குடையை விற்றுவிடுகிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு.

நகரசபையில் அவர் மெம்பர். சபை கூடி, ஊர் நலத்துக்காக அடுத்த இருபத்தைந்து வருஷத்தில் என்னென்ன செய்வது என்று ஒரு பெரிய திட்டம் போட்டது. தெருவெல்லாம் குழாய், மூடிய ஓடை, வார்டுக்கொரு பிரசவ விடுதி, பிள்ளைகள் விளையாட மைதானம். மற்ற மெம்பர்கள் கைதூக்கிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, மறந்துபோனார்கள். பிள்ளை மறக்கவில்லை. கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்தும்போது, "உங்க மக வயித்துப் பிள்ளை நம்ம வார்டு விடுதியிலேதான் பெறக்கும்" என்று வாழ்த்தினார். பெண் வெட்கப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தவித்தாள். துட்டி வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். "அண்ணாச்சி அவசரப்பட்டுட்டாரு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா வீட்டுக்குள்ளேயே குழாயைப் பாத்திருப்பாரு" என்றார். இறந்தவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

அவர் கடைக்கு எதிரே, சந்து முனையில், எலிசாள் மரச்சீனிக் கிழங்கு விற்கிறாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பொழுது சாயும்போது திரும்புகிறவள். பிள்ளை எத்தனை தடவை மோர் நீட்டினாலும், "வேண்டாம் அண்ணாச்சி" என்று கையை ஆட்டிவிடுவாள். கிராக்கி பண்ணுகிறவள் என்று பிள்ளை நினைத்திருந்தார். ஒரு மீன மாத வெயிலில் அவள் கிழங்குக் கூடையின் மேலேயே மயங்கி விழுந்தாள். பிள்ளையின் மனைவி முத்தாரம்மாள்தான் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மெதுவாக விசாரித்தாள். அன்று மதியம் சோறு போடும்போது கணவரிடமும் விசாரித்தாள்.

"கம்போளத்திலே இத்தனை பொம்பளைக இருக்காளுவளே, அவளுவ எங்க ஒதுங்குவாளுவன்னு மெம்பருக்குத் தெரியுமா?"

பிள்ளை சோற்றைப் பிசைந்தார்.

"எங்கயும் இல்லே. அதனாலே விடிஞ்சதிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கமாட்டாளுவ. உங்க திட்டத்திலே அது உண்டா?"

"உண்டு, உண்டு. கடைசீலே உண்டு."

"எப்ப வரும்?"

பிள்ளை வருஷக் கணக்கை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டார். ரசத்தை மட்டும் உறிஞ்சிக் குடித்தார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து, நீண்டகாலத் திட்டத்திலிருந்து பெண்கள் கக்கூஸை வெட்டிவிட வேண்டும் என்றார். திட்டத்தின் தகப்பனே பிள்ளையை வெட்டச் சொல்கிறாரே என்று சபை வாய்பிளந்தது. "வெட்டி, இந்த வருசத்துக் காரியத்திலே சேக்கணும். இருபத்தஞ்சு வருசம் அடக்கிட்டு இருக்கப்பட்ட காரியமாவே இது?" என்றார். சிரித்த சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெளியே வந்ததும் ஒரு பழைய மெம்பர் அவர் காதில், "எலக்ஷன் வரப்போகுது ஓய். இந்த நாத்தம் இப்போ வேணுமா?" என்று கேட்டார்.

கக்கூஸ் கட்டுவதற்கு முன்பே நாற்றம் கிளம்பியது. கம்போளத்து வியாபாரிகள் எல்லோரும் நல்லவர்கள். பெண்களுக்குக் கட்டாயம் ஒரு கக்கூஸ் வேண்டும், அதுவும் உடனே வேண்டும், அடுத்தவன் கடைக்கு எதிரே வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. எந்த இடத்தைச் சொன்னாலும் அந்த இடத்துக்காரர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு, இங்கே வராவிட்டால் நூற்றொரு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று திரவியம் பிள்ளையும் நேர்ந்துகொண்டார். பிள்ளையார் யார் பக்கம் நின்றார் என்று தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் தேங்காய் விற்றவன் பிச்சையா.

கடைசியில் பிள்ளை தன் கடைக்கு நேர் எதிரே இருந்த சந்து முனையிலேயே இடம் காட்டினார். கட்டடம் எழும்பியது. எழும்ப எழும்பக் குடை வாங்குகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். உள்ளே அப்போது இருந்தது சிமெண்டு வாசனை மட்டும். பையன்கள் அவரைக் "கக்கூஸ் மெம்பர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "பேரு கொள்ளாமில்லே, நல்லாத்தானே இருக்கு? என் அப்பன் வச்ச பேரைவிட இது ரொம்ப நாள் நிக்கும்" என்று அவர் வாய்நிறையச் சொன்னார்.

திறப்பு விழாவும் மாலையும் பேச்சும் முடிந்தன. ஆனால் ஒரு பெண்கூட உள்ளே போகவில்லை. வியாபாரிகள் சங்கம் அதற்குள் மனு எழுதிவிட்டது: யாரும் போகாத கட்டடம் எதற்கு? சரக்கு வைக்க எங்களுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை, அதிகாரி வருவதற்கு முன், பிள்ளை சந்து முனைக்குப் போய் நின்றார்.

"எந்தா எலிசா, இதுக்குத்தானே இம்புட்டுப் பாடும்? ஒருத்தி போனா மத்தவளுவ பொறத்தாலே வருவாளுவள்லா?"

எலிசாள் தலையைக் குனிந்துகொண்டு முனகினாள். "எப்பிடிப் போவேன் அண்ணாச்சி? ஒவ்வொரு கடையிலேருந்தும் ரெண்டு கண்ணு இந்த வாசலையே பாத்துக்கிட்டிருக்கு. உங்க கடைக் கண்ணும் சேத்துத்தான்."

பிள்ளை திரும்பிப் பார்த்தார். உண்மைதான். வரிசையாகக் கல்லாப்பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக முகங்கள், எல்லாம் தெருவைப் பார்த்து. வேறு எப்படி இருக்கும்? தெருவழியாகத்தான் லட்சுமி வருகிறாள். கடையில் உட்கார்ந்தவன் தெருவுக்கு முதுகு காட்டினால் அவள் அப்படியே நடந்து போய்விடுவாள். அதனால் கம்போளத்து வியாபாரி தும்மினாலும் தெருவைப் பார்த்துத்தான் தும்முவான்.

அவர் தெருவைக் கடந்து தன் கடையில் ஏறினார். அன்று இன்னும் போணி ஆகவில்லை. பிச்சையா தேங்காய்க் குவியலுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, மெம்பர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தான். கம்போளமே பார்த்தது. பிள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, கனத்த கல்லாப்பெட்டியை இரண்டு கையாலும் கரகரவென்று இழுத்துத் திருப்பி வைத்தார். பிறகு சம்மணம் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.