தேதி இல்லாத நாலு மாத்திரை

இன்று காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில், மகளுக்குக் காய்ச்சல் மாத்திரை நாலு கேட்டேன். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையின் ஒரு முனையிலிருந்து நாலைக் கத்தரித்துக் கொடுத்தார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மருந்தின் பெயர் பாதி இருந்தது. எக்ஸ்பைரி தேதி இல்லை.

"அண்ணே, இதுல தேதியே இல்லியே?"

"தேதி எங்கிட்ட இருக்கற துண்டுல இருக்கு சார். அந்தப் பக்கத்தக் கடைசியாதான் வெட்டுவோம்."

"சாப்புடப் போறது எம்பொண்ணு. தேதி உங்ககிட்ட இருந்தா எப்புடி?"

நான் ஏற வேண்டிய புவனகிரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. ஆனாலும் நகரவில்லை. அவர் சலிப்போடு மறுமுனையிலிருந்து நாலை வெட்டி நீட்டினார். தேதி இருந்தது. இன்னும் ஒரு வருஷம் தாங்கும். ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு நின்ற அம்மா, "எம்புள்ளைக்கும் அதே மாத்திரை நாலு குடுங்க" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, நான் வேண்டாமென்ற நாலை எடுத்து அவரிடம் கொடுத்தார். அந்த அம்மா திருப்பிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான் என் நாலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டேன்.

அட்டையில் தேதி அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. கத்தரிக்கோலுக்குத்தான் இல்லை போலிருக்கிறது.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். தேதியுள்ள துண்டு ஏதாவது இருந்தால், அதன் மிச்சம் யார் வீட்டில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.