பன்னிரண்டு படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து நேராக வராது. எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்றும் தெரியாது. மறதி வேறு. மகள்தான் ஒரு கொப்பியைக் கொடுத்து, "அப்பாவோட மெஷின்ல நீங்க வெல்டிங் பழகினத எழுதுங்கம்மா" என்றாள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ரப்பர் ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. வேலையை விட்டு நின்றதும் ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கினார். பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். அதை வைத்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்களுக்கு வாளிக்குப் பிடி, ஜன்னலுக்குக் கம்பி என்று செய்து கொடுத்தார். பிறகு பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது.

எங்கள் லயம் ருவான்வெல்லைப் பக்கம், மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து றோட்டுக்குப் பன்னிரண்டு கருங்கல் படி. மழை விடாத ஊர் என்பதால் எப்போதும் பாசி. மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு, மருந்தெடுக்கக் கொண்டுபோக வேண்டும். இரண்டு தடவை லயத்து ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். மூன்றாம் தடவை வரமாட்டேன் என்றுவிட்டார்.

"பொணத்தத் தூக்குற மாதிரி தூக்குறானுங்க. நான் இன்னும் சாகல."

"மாத்திரை முடியப்போகுதுங்க."

"முடிஞ்சா முடியட்டும்."

இன்னொரு தடவை வாதம் வந்தால் உடம்பு தாங்காது, மருந்தை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் வலது காலை இழுத்து இழுத்து நாலு எட்டு வைப்பார். படி ஓரமாக ஒரு கம்பி இருந்தால் இடது கையால் பிடித்துக்கொண்டு தானே இறங்கிவிடுவார். பஜாரில் வெல்டிங் கடை வைத்திருந்த சிங்கள ஆளைப் போய்க் கூப்பிட்டேன். "ஹெட்ட என்னங்" என்றார், நாளைக்கு வருகிறேன் என்று. மறுவாரம் போனேன். அப்போதும் ஹெட்டதான்.

ஒரு மத்தியானம் மெஷினை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"யாருக்கு இது?"

"சொல்லிக் குடுங்க. நான் செய்யிறேன்."

"நீயா? வாசல்ல ஒரு ஆள் வந்தா அடுப்படிக்கு ஓடுறவ!"

"இதுவும் நெருப்புதானே. எனக்கென்னா புதுசா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாதத்துக்குப் பிறகு வாய் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும்.

யாரும் பார்க்கக்கூடாது என்று பின்பக்கம் ஒரு பழைய சீலையைத் தொங்கவிட்டேன். கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடியை மாட்டியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. என் முகம் யாருக்கும் தெரியாதே.

"தீக்குச்சி உரசுற மாதிரி உரசு" என்றார். உரசினேன். வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னா புள்ள, முத்தம் குடுக்குறியா? திருகி எடு!"

அன்று முழுக்க முத்தம்தான். மூன்றாம் நாள்தான் பொறி பறந்து நின்று எரிந்தது. உடனே அடுத்த வீட்டுத் தங்கச்சியின் சத்தம்.

"அக்கோவ்! ரெண்டு மூணு நாளா எங்க டீவி கண்ணடிக்குது. என்னா செய்யிறீங்க அங்க?"

நான் சட்டென்று மெஷினை நிறுத்தினேன். அவர்தான் கத்தினார்: "உங்கக்கா வெல்டிங் அடிக்கிறா!"

லயத்துக்கு ஒரே லைனில்தான் கரண்ட் வருகிறது. நான் குச்சியை உரசும்போதெல்லாம் பத்து வீட்டு பல்பும் மங்கியிருக்கிறது. சீலைக்குப் பின்னால் ஒளிந்து படித்த லட்சணம் அது. வெட்கத்தில் இரண்டு நாள் தண்ணி பிடிக்கப் பீலிப் பக்கம் போகவில்லை. தங்கச்சியே தேடி வந்தாள்.

"கூச்சப்படாதீங்கக்கா, அடிங்க. நாடகம் போற நேரம் மட்டும் விட்டுருங்க. நேத்து மாமியா வெசம் கலக்குற எடத்துல படம் போயிருச்சி."

ஒரு வாரத்தில் கோடு நேராக வந்தது. இரண்டு குழாய்த் துண்டைச் சேர்த்து அவரிடம் கொடுத்தேன். வெள்ளிச் சங்கிலி மாதிரி இருந்தது. அவர் இடது கையால் சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டார். இரண்டாகக் கழன்று விழுந்தது.

"மேல கோலம் போட்டிருக்க. உள்ள போகவே இல்ல. ஏன் இப்புடித் தடவுற?"

"ஆழமாப் போனா காயம் பட்டுருமேன்னு..."

வாயில் தானாக வந்துவிட்டது. நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டின கை இது. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தில் பட்டால் காயம் என்று, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் ஏசுவார். அந்தப் பயத்தோடேயே இரும்பையும் தொட்டிருக்கிறேன்.

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "இது மரமில்ல புள்ள. இதுக்குக் காயம் படணும். ரெண்டும் உருகி ஒண்ணாகணும். கரண்ட கூட்டு. அவசரப்படாத."

கூட்டினேன். அடுத்த குழாயில் ஓட்டையே விழுந்தது. அதற்கும் ஏச்சு. எத்தனை குச்சி வீணாகியதோ! ஆனால் அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய்விடுகிறது. பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர், ஃபெக்டரியில் இருந்த மாதிரியே அதட்டிக்கொண்டிருந்தார்.

கை பழகியதும் இரும்புத் தூண்களைப் படி ஓரத்தில் சீமெந்து போட்டு நிறுத்தி, மேலே குழாயை நானே ஒட்டினேன். கிளினிக் நாள் காலையில் அவர் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"சுத்தியலக் குடு. தட்டிப் பாத்துட்டுத்தான் எறங்குவேன்."

"தட்டுங்க."

முதல் ஒட்டுப் போட்ட இடத்தைத் தட்டினார். நின்றது. இரண்டாவதை இன்னும் ஓங்கித் தட்டினார். அதுவும் நின்றது. மூன்றாவதைத் தட்டவில்லை. சுத்தியலை என்னிடம் நீட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்தார். லயமே வாசலில் நின்றது. ஒவ்வொரு படிக்கும் நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே இறங்கினேன். ஒரு தடவையும் என் கை தேவைப்படவில்லை.

றோட்டுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவது தூண் கோணல்."

"ஆமாங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் மட்டும் சிங்களத்தில் வேறு மாதிரிச் சொன்னார்: படிக்கு எங்கள் வீட்டுக்காரிதான் கம்பி ஒட்டினாள், நான் அதில் முழுப் பாரத்தையும் போட்டு இறங்கி வந்தேன் என்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு கடைசிவரை ஒரு கிளினிக்கையும் அவர் விடவில்லை.

எந்த வருஷம் என்பது எனக்கு நினைவில்லை. கரண்டைக் கூட்டி மெஷினில் வைத்த நம்பரும் தொண்ணூறா நூறா என்று சந்தேகம். மகளே, அப்பாவின் கிளினிக் கொப்பியில் திகதி இருக்கும், பார். வெல்டிங் தெரிந்த யாரிடமாவது காட்டி, நான் எழுதியது சரிதானா என்றும் கேட்டுவிடு.