கடலுக்குள் கிடந்த துறைமுகம்

பெர்லின் விமான நிலையத்தில், துருக்கிக்குப் புறப்பட்ட எங்கள் சுற்றுலாக் குழுவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் இருந்தார். அறுபது வயதிருக்கும். நெற்றியில் பொட்டு, அதற்கு மேலே நீச்சல் கண்ணாடி. அடிக்கடி அதைக் கண்ணுக்கு இறக்கிச் சரிபார்த்துக்கொண்டார்.

"நீச்சல் தெரியுமா அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, போன வின்டரிலதான் பழகினனான். துருக்கியில ஃபசெலிஸ் எண்ட பழங்கால ஊரின்ர துறைமுகச் சுவர் கடலுக்குள்ள கிடக்குதாம். தொட்டுப் பாக்கவேணும்."

"பயமில்லையா?"

"பயம்தான். அதுக்காகப் போகாமல் இருக்க ஏலுமே?"

மறுநாள் ஃபசெலிஸில் நாங்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் நடுங்கியபடியே கடலில் இறங்கினார், நீந்தினார், சட்டென்று மூழ்கினார். படம் எடுப்பதை விட்டு அந்த இடத்தையே பார்த்தேன். பிறகு தலை தெரிந்தது.

"தொட்டிட்டன்! பாசி வழுக்குது தம்பி, வாங்கோ!" என்று கூவினார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் செருப்பை உதறிவிட்டு, உடுப்போடு கடலுக்குள் ஓடினேன்.