தோலில் எழுதிய பிரைட் ஃப்யூச்சர்

காலை ஏழரை மணி. வகுப்பில் முதலில் கண்ணில் பட்டது, கூடப் படித்த ரோசம்மாவின் மடியில் நூலில் கோத்துக் கிடந்த பதினேழு தோல்துண்டுகள். அவற்றின் ஆவாரம்பட்டை வாசனை என் பலகை வரை வந்தது. என்னிடம் பதினாறு.

ஆம்பூரில் எங்கள் இருவரின் அப்பாக்களும் ஒரே 'தோல் ஷாப்'பில் தோல் பதனிட்டார்கள். அங்கே கழித்துப்போட்ட துண்டுகளில்தான் டீச்சரம்மா, நாளை நடக்கக்கூடியதைப் பற்றி இங்கிலீஷ்காரர்கள் சேர்த்துச் சொல்லும் சொற்களை மையால் எழுதி வைப்பார்: 'குட் சான்ஸ்', 'ஹை ஹோப்ஸ்', 'பிரைட் ஃப்யூச்சர்'. ஒன்றைப் பிழையில்லாமல் வாக்கியத்தில் சொன்னவளுக்கு அந்தத் துண்டு சொந்தம். வருஷக் கடைசியில் அதிகத் துண்டு காட்டுகிறவள், சம்பளம் கட்டாமல் ஆசிரியர் பயிற்சி தரும் வேலூர் போதனாமுறைப் பள்ளியில் படிக்கலாம். இடம் ஒன்றுதான். மற்றவளுக்கு ஷாப்பில் ஆட்டுமயிர் பிரிக்கும் வேலை.

'பிரைட் ஃப்யூச்சர்' அவளிடம் இருந்தது. அந்த வாக்கியத்தில் நான் திக்கினேன். அவள் அடுத்த மூச்சில் சொன்னாள். அதன்பின் அவள் சிரிப்பும் பின்னலும்கூட எனக்குப் பிடிக்காமல் போயின.

"வேலூருக்கு உனக்கு 'ஸ்லிம் சான்ஸ்'தான்டி," என்றாள், துண்டு எண்ணும் நாளான அன்று காலை. கிடைக்காது என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல் அது. "அந்தத் துண்டும் எங்கிட்டதான் கீது. வேணுன்னா வாங்கிக்கோ."

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு இரும்புத்துரு பட்டால் கறுத்துவிடும் என்பது எங்கள் தெருவில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது, துருப்பிடித்த தகரடப்பாவில் தண்ணீர் விட்டு அந்தக் கோவையைப் போட்டுக் கசக்கினேன். மணி அடிப்பதற்குள் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"இன்னாடி இது?" என்றார் டீச்சரம்மா, கறுத்த கோவையைத் தூக்கிப் பிடித்து.

ரோசம்மா என் விரல்களைப் பார்த்தாள். அவையும் கறுத்திருந்தன.

"நான்தான் டீச்சரம்மா, ஈரத்தோட தகரடப்பாவுல போட்டுட்டேன்," என்றாள் ரோசம்மா.

"ஷாப்புக்காரன் மவளுக்கு இதுகூடவா தெரியாது? படிக்க முடியாத துண்ட எப்படிடி எண்ணுறது?"

ரோசம்மா ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் சொல்ல அவளால் முடிந்ததே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

வேலூரில் படித்து, ஆம்பூருக்கே ஆசிரியையாகத் திரும்பினேன். அந்தப் பள்ளிக் கட்டடம் இப்போது இல்லை. அவ்விடத்தில் தோல் உலர்த்துகிறார்கள். துண்டுகளில் எழுதிப் பாடம் சொல்வாரும் இல்லை. ஷாப்பில் ஆட்டுமயிர் பிரிக்கப் போன ரோசம்மாவின் மூத்த மகள் மூன்று வருஷம் என் வகுப்பில் படித்தாள். அவளைக் கொண்டுவந்து விடவோ அழைத்துப் போகவோ ரோசம்மா ஒருநாளும் வரவில்லை.