மஞ்சள் தெரிகிற சிலேட்டு

ஹைதராபாத்தில் நேற்றைக்கு முந்தின நாள் என்று ஒன்று கிடையாது. பர்சோன் உண்டு. இந்தியில் அதற்கு நேற்றைக்கு முந்தின நாள் என்றுதான் அர்த்தம் என்கிறான் என் மகன். இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் ஒருத்தி வாசலில் வந்து நின்று, "பர்சோன் குடுத்தேனே, என் ஜாக்கெட் தயாரா?" என்று கேட்டால், அது மூன்று நாளைக்கு முந்தியும் இருக்கும், மூன்று மாதத்துக்கு முந்தியும் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு வந்து துணி கொடுத்துவிட்டுப் போன ஒருத்தி, அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து பர்சோன் என்றாள். பிள்ளைக்குப் பல் முளைத்திருந்தது. அவள் கொடுத்த அளவில் தைத்த ஜாக்கெட் அவளுடைய ஒரு கைக்குத்தான் போதும்.

இப்படிப்பட்ட ஊரில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தவளுக்கு நோட்டு இல்லாமல் பிழைப்பு ஓடாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்து நாற்பத்தாறு வருஷமாகிறது. வீட்டுக்காரர் சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நான் மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். இதை எழுதவே எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை, உங்களுக்கும் இருக்காது.

எங்கள் ஊரில் ஜாக்கெட் தைப்பவர் ஆண்பிள்ளை. அவரிடம் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்புவோம், அவ்வளவுதான். பத்து வருஷத்தில் உடம்பு பெருக்கும், அளவு ஜாக்கெட் பெருக்காது. ஊர்க் கல்யாண வீட்டில் எந்தப் பெண்ணும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாததற்கு அதுதான் காரணம். இங்கே நான் பெண் என்பதால், தெலுங்குக்காரிகளும் துருக்க வீட்டுப் பெண்களும் நேராக வந்து நின்று, "டேப் வைத்து எடு" என்றார்கள். எடுத்தேன். எடுத்ததை எப்படிக் குறிப்பது? பெயர் கேட்டால் அவர்கள் சொல்வது எனக்கு விளங்காது, விளங்கினாலும் எழுத வராது. மகன் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய கலர் பென்சில் டப்பா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கத்துக்கு ஒரு ஜாக்கெட் படம். கழுத்து, தோள், கை, இடுப்பு, அந்தந்த இடத்தில் எண். மூலையில் ஆளுக்கு ஓர் அடையாளம்: மழையில் வந்தவளுக்குக் குடை, முறுக்கு கொண்டுவந்தவளுக்கு முறுக்கு. ஜாக்கெட் சிவப்பில் இருந்தால் தமிழில் வாயைத் திறக்க வேண்டும், பச்சையில் இருந்தால் தெலுங்கு, நீலம் என்றால் உருது. இது முதல் வருஷத்திலேயே வந்துவிட்டது. மஞ்சள் பிறகு வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு வந்தது என்று சொல்ல வேண்டும். கழுத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தால், அவளிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கக் கூடாது. செத்திருப்பான், ஓடியிருப்பான், இருந்தும் பிரயோஜனமில்லாமல் இருப்பான். எனக்கு எதற்கு? புள்ளி இருந்தால் வாயை மூடு. அளவெடுக்கும்போது பெண்கள் பேச மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? டேப் முதுகைச் சுற்றி வரும்போதுதான் எல்லாம் வெளியே வரும். அப்படி வந்ததை நான் மறக்கலாம், நோட்டு மறக்காது. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட என் நோட்டைத் திறந்தால் ஒரு வரி படிக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

போன மழைக்கு மெஷின் பக்கத்துச் சுவர் ஒழுகியது. ஒன்பது நோட்டும் அப்பளம் போல் ஊறிவிட்டன. மகன் முத்து ஐடி கம்பெனியில் இருக்கிறான். நோட்டை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து, "அம்மா, நாக்கு இவு. எல்லாத்தயும் ஸ்கேன் பண்ணித் தரேன்" என்றான். எனக்குக் கொடு என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு மீதியைத் தமிழில் முடிப்பான். அவன் வளர்ந்த விதம் அப்படி. கண்புரை அறுத்ததிலிருந்து போனை ஒரு நிமிஷம் பார்த்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். அதனால் அவன் தன்னுடைய சிலேட்டைக் கொண்டுவந்தான். டேப்லெட் என்பார்கள், பார்க்கச் சிலேட்டுதான். வெளிச்சம் அடிக்காது, காகிதம் போலவே சாந்தமாக இருக்கும், பேனாவால் எழுதலாம். வாரப்பத்திரிகையை அதில் போட்டு எழுத்தை இட்லி அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தான். ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தை. கதையில் ஒருத்தி கதவைத் திறக்க நான் மூன்று பக்கம் திருப்பினேன், ஆனாலும் கண் வலிக்கவில்லை.

அந்தச் சிலேட்டு கறுப்பு வெள்ளை. என் ஒன்பது நோட்டும் அதற்குள் போய், ஜெராக்ஸ் எடுத்த கல்யாண போட்டோ மாதிரி வந்து நின்றன. எது சிவப்பு, எது பச்சை, ஒன்றும் தெரியவில்லை. சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூஞ்சியைப் பார்த்தால் பாஷை தெரியாதா?

தெரிந்தது. பத்மா வந்தாள், தெலுங்கில் பேசினேன். எனக்குப் பத்மா என்று ஏழு பேர். அதில் இரண்டு பத்மாவுக்கு வீட்டுக்காரர் துபாயில். ஒருத்தியின் வீட்டுக்காரர் வருஷா வருஷம் பேரீச்சம்பழத்தோடு வருவார். இன்னொருத்தியின் வீட்டுக்காரர் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறார், வருவதில்லை. வந்தவள் குடை போட்ட பத்மா. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க, கூட இரண்டு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிலேட்டில் பக்கத்தைத் தேடி எடுத்தேன். குடை இருந்தது, எண்கள் இருந்தன. மஞ்சள் புள்ளி போன இடம் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில் முதலில் சாகிற நிறம் மஞ்சள்தானாம், அப்புறம் சொல்கிறான் மகன். புள்ளி இல்லை, அப்படியானால் பேரீச்சம்பழப் பத்மா இவள்தான் என்று நான் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "கல்யாணத்துக்கு உங்க வீட்டுக்காரர் துபாயிலேர்ந்து வர்றாருல்லா?" என்று தெலுங்கில் சத்தமாகக் கேட்டுவிட்டேன். நாத்தனார்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். பத்மா கையை இறக்கினாள். டேப் என் கையிலேயே தொங்கியது. "போதும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். துணி மட்டும் என்னிடம் கிடந்தது. அதற்குப் பிறகு என் வீட்டைத் தாண்டிப் போகும்போது தெருவின் அந்தப் பக்கம் நடந்தாள். அவள் என்னிடம் முப்பது வருஷமாகத் துணி கொடுக்கிறவள். எனக்கு ஆபரேஷன் ஆனபோது கண்ணில் சொட்டு மருந்து விட்டது அவள்தான், மகன் இல்லை.

முத்துவிடம் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அம்மா, நக்கோ, வேணாம். நா எக்செல்ல டைப் பண்ணித் தரேன். நேமு, செஸ்ட், வெயிஸ்ட். சர்ச் பண்ணா ஒரு செகண்டுல வரும்."

"மஞ்சப் புள்ளிக்கு அதுல என்னல போடுவ?"

"ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் வச்சு, ஹஸ்பண்ட் லெஃப்ட்னு போட்டுடலாம்."

"போட்டு, தெருவுல ஒட்டிட்டு வா. எவளாவது எட்டிப் பாத்தா என்னல பண்ணுவ? புள்ளிக்கு வாய் கிடையாதுல்லா. அதான் புள்ளி."

அவன் எக்செலை விட்டுவிட்டான். கலர் சிலேட்டும் இருக்கிறது, ஆனால் நிறம் வெளிறித் தெரியும், தனக்கே பிடிக்கவில்லை என்றான். துணி வெளிறியிருப்பதைப் பற்றி எனக்குச் சொல்லித்தருகிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூல்கண்டு டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கூகட்பல்லியில் அது பெரிய கடை. டை கட்டிய ஒருவர், என் மகனைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், முத்துவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் ஒரு வார்த்தை கொடுத்தார். "ஆன்ட்டி, பேரனுக்கா?"

"கைக்கு? மேரேகுச் ஹோனா" என்றேன். எதற்குப் பேரன், எனக்கேதான் வேண்டும் என்று அர்த்தம்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு சிலேட்டில் திருப்பதி சாமி படத்தைக் கொண்டுவந்து காட்டினார். இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன பார்க்க இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் மஞ்சள் வேண்டும் என்றேன். சூரியகாந்திப் பூவைக் காட்டினார். பூ வேண்டாம், புள்ளி வேண்டும் என்றேன். அவர் முத்துவைப் பார்த்தார். முத்து மிக்ஸி விலையைப் படித்துக்கொண்டிருந்தான்.

மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று வெளிச்சம் அடிப்பது. அதில் மஞ்சள், கல்யாண வீட்டு லட்டு மாதிரி ஜொலித்தது. இன்னொன்றுதான் காகித ரகத்தில் கலர் போட்டது. அதன் வெள்ளையே வெள்ளை இல்லை, கஞ்சி போடாத வேட்டி நிறம். நானே பேனாவை வாங்கி மஞ்சளில் ஒரு புள்ளி வைத்தேன். மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி விழுந்த மாதிரி, இருக்கிறது என்றால் இருக்கிறது. டை கட்டியவர் உள்ளே ஒரு விளக்கைப் போட்டுக் காட்டினார். "அதை அணைங்க" என்றேன்.

நாற்பத்தாறு வருஷத்தில் எந்தத் துணியையும் நான் டியூப்லைட்டில் பார்த்து வாங்கியதில்லை. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்து, பக்கத்தில் நூலை வைத்துத்தான் பார்ப்பேன். எந்த ஜவுளிக் கடையிலும் இதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த ஞாபகத்தில் சிலேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். அதன் முதுகில் ஒரு வயர் கட்டியிருந்தது. அது என்னோடு கொஞ்சதூரம் வந்து, அப்புறம் வரமாட்டேன் என்று கழன்றுகொண்டது. கடை முழுக்க ஆம்புலன்ஸ் போல ஊளையிட்டது. காவலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா!" என்று முத்து கத்தினான்.

"நிறம் பாத்துட்டு வாறேன், இருல" என்றேன். படியில் நல்ல வெயில். நூல்கண்டுகளை எடுத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தேன். புது மஞ்சளோடு பொருந்தவில்லை. ஆனால் நாலு தண்ணீர் பார்த்த மஞ்சள் புடவைக்கு ஒரு நூல் வைத்திருப்பேன்; அதோடு அப்படியே பொருந்தியது. கடைக்குள் பதுங்கியிருந்த நிறம் வெயிலில் வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. என் மெஷின் இருப்பதும் வாசல் வெயிலில்தானே. சத்தம் எப்படியும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது என்று உள்ளே போய் அந்தப் பளபளப்பையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது வயரும் கழன்றது. வெயிலில் அந்த லட்டு செத்துப்போனது. அதில் தெரிந்தது என் மூக்குத்தி மட்டும்தான்.

"இது" என்று வெளிறியதை டை கட்டியவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஸ்கேன் பண்ணியது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்கி வந்த சிலேட்டில் நானே முதலில் வரைந்தது குடை பத்மாவின் பக்கம்தான். பச்சை ஜாக்கெட், குடை, புள்ளி. ஜாக்கெட்டையும் பழைய அளவிலேயே தைத்து முடித்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சிலேட்டைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். இனி அவள் பேசுவதெல்லாம் தெலுங்கு. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"குடை எதுக்கு?"

"நீ முதல்ல வந்த அன்னைக்கு மழை."

"இது என்ன, மஞ்சளா?"

சொன்னேன். எந்த நிறத்துக்கு எந்தப் பாஷை, புள்ளி எதற்கு வைத்தது, எப்படிக் காணாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. சரி, துணியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று பையைப் பிரித்தேன்.

"முப்பது வருஷமா இத வச்சிருக்கியா?"

"புள்ளி வச்சுப் பதினோரு வருஷம்."

"இன்னும் யாருக்கெல்லாம் இருக்கு?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"நிறையப் பேருக்கா?"

"பக்கம் திருப்பினா கை வலிக்கும்."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். "உன் பக்கம் எங்க?" என்று கேட்டாள். எனக்கென்று பக்கம் கிடையாது, என் ஜாக்கெட்டை நான் கண்ணளவில் வெட்டிக்கொள்வேன் என்றேன். "அதான் எல்லாம் சாக்கு மாதிரி இருக்கு" என்று என் கழுத்திலிருந்த டேப்பை உருவி, என்னை எழுந்து நிற்கச் சொல்லி அளந்தாள். இடுப்பு எண்ணைப் பார்த்து, "அம்மாடி" என்றாள். பிறகு சிவப்பு மையை எடுத்தாள்.

"சிவப்பு எதுக்கு? உங்கிட்ட முப்பது வருஷமாத் தெலுங்குதான பேசுறேன்?"

"அதத் தெலுங்குன்னு நீதான் சொல்லிட்டு அலையற. நீ அரவக்காரி."

அரவம் என்றால் இங்கே தமிழ். ஊருக்குப் போனால் என் மதினி, "நீ பேசுறது என்ன, இந்திப் பேச்சா?" என்கிறாள். அவளிடம் பேனாவைக் கொடுத்தால் சிவப்பைத் தொடவே மாட்டாள். பத்மா என் ஜாக்கெட்டைச் சிவப்பில் வரைந்து, குடை போட்ட தன் பக்கத்துக்குத் திருப்பினாள். இந்த ரகச் சிலேட்டில் முந்தின பக்கத்தின் நிறம் உடனே போகாது, கொஞ்சம் மிச்சம் நிற்கும். அழிக்க ஒரு பொத்தான் உண்டு என்று முத்து காட்டியிருக்கிறான். அது எந்தப் பொத்தான் என்று நான் மறந்துவிட்டேன்.

"ஐயோ, என் ஜாக்கெட்டுக்குள்ள நீ எதுக்கு வந்த?" என்றாள் பத்மா.

அவள் ஒல்லி. அவளுடைய பச்சைக்கு அடியில் இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் என் சிவப்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.