நான்கு நாள் கட்டாத பட்டை

அந்தத் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவுக்கு முன்னறை ஆஸ்பத்திரி, பின்னறை வீடு. நடுவே ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டும். காலையில் கர்ப்பிணிகள் வருவார்கள். எடை, ரத்தம், பிரஷர் என்று பார்த்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மதியத்துக்கு மேல் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. மருந்து டப்பாக்களோடு பேசுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள், பாவம்.

அப்போதுதான் வாயாடி வந்து சேர்ந்தாள். நர்ஸம்மா வைத்த பேர்தான் அது. எதிர்த் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், எட்டு மாசக் கர்ப்பம், புருஷனுக்குக் கப்பலில் வேலை. "அக்கா, பிரஷர் பாருங்க" என்று தினமும் சாயங்காலம் வந்துவிடுவாள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் ஊர்க்கதை. பிரஷர் வெறும் சாக்கு என்று இரண்டு பேருக்குமே தெரியும். போகப் போக நர்ஸம்மா பட்டையை எடுப்பதையே விட்டுவிட்டாள். நேராக டீதான்.

அன்றைக்கு வாயாடி, "தலைவலி மண்டையைப் பிளக்குதுக்கா" என்றாள்.

"நீ பேசுற பேச்சுக்கு வலிக்காம என்ன செய்யும்? உட்காரு."

டம்ளரை நீட்டினாள். வாயாடியின் கை ஒரு சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது.

"என்னடி, கண்ணு தெரியலையா?"

"பூச்சி பறக்குற மாதிரி இருக்குக்கா."

நர்ஸம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். பட்டையைக் கட்டினாள். முள் நூற்றெழுபதுக்கு மேலே நின்றது. வலிப்பு வந்தால் தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. ஊசியைப் போட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னாள். அது வந்து சேரும்வரை நாற்பது நிமிஷமும் அவள் கையை விடவில்லை. வண்டி போன பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். கடைசியாகப் பட்டை கட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. வாயாடியும் தேறி, அங்கிருந்தே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே நர்ஸம்மா, வருகிற கர்ப்பிணிகள் வாயைத் திறக்கும் முன்பே பட்டையைக் கட்டினாள். சாயங்கால டீயைத் தனியாகக் குடித்தாள்.

ஒரு மாசம் கழித்து போன் வந்தது.

"அக்கா, நான்தான்."

"தலைவலி இருக்கா? கால் வீங்கியிருக்கா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பேசலாம்னுதான்."

நர்ஸம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "நாலு நாள் நான் பட்டையே கட்டலடி. பேச ஆள் கிடைச்ச சந்தோஷத்துல புத்தி கெட்டுப் போச்சு. என் தப்பு."

"எனக்கும் ரெண்டு நாள் முன்னாடியே தலை வலிச்சுதுக்கா. சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவீங்கன்னு வாயைத் திறக்கல. அங்க எனக்குப் பேச யாரு இருக்கா?"

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது.

"போடி, போய்ப் பிள்ளையைப் பாரு" என்றாள், போனை வைக்க மனசில்லாமல்.